பெயர் எழுதாத வேன்கள்: சூளகிரியிலிருந்து சில ஆய்வுக் கேள்விகள்

விடியற்காலை ஐந்தரை மணி. ஓசூர் அருகேயுள்ள சூளகிரியின் பஸ் நிலையத்தை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் மூன்று வகை வண்டிகள் வந்து நிற்கின்றன. முதல் வகை, பக்கவாட்டில் கம்பெனிப் பெயரைப் பெரிதாக எழுதிய பஸ்கள். சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஏறுகிறவர்கள், ஜன்னலோரம் கிடைத்ததும் தூங்கிப்போகிறார்கள். அடுத்தது பெயர் எழுதாத வேன்கள். முன்கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தில் ஒரு எண் மட்டும் இருக்கும். அதில் ஏறுகிறவர்களுக்கும் அதே தொழிற்சாலைதான், பல சமயம் அதே லைன்தான். சம்பளம் மட்டும் காண்ட்ராக்டர் கையிலிருந்து வரும். மூன்றாவது, ‘சின்ன யானை’ என்று எல்லோரும் சொல்லும் சிறிய சரக்கு வண்டி. பெண்கள் அதன் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடி ரோஜாத் தோட்டங்களுக்கும் பாலி ஹவுஸ்களுக்கும் போகிறார்கள். நடுவே கொத்தமல்லிக் கட்டும் புதினாக் கட்டும் ஏற்றிய வண்டிகள் சந்தையிலிருந்து வெளியே வர வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

பத்தடி இடைவெளியில் நிற்கும் இந்த மூன்று கூட்டமும் அரசாங்கக் கணக்கில் சந்திப்பதே இல்லை. தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வு, பதிவுபெற்ற ஆலைகளை எண்ணுகிறது. இந்திய ஆலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள் என்று அது சொல்லும். அவர்கள் எந்த ஊர், என்ன சாதி, வீட்டில் நிலம் உண்டா என்று சொல்லாது. வேளாண் கணக்கெடுப்பு சாகுபடி நிலத்தை எண்ணுகிறது. சின்ன யானையில் போகிற பெண்ணுக்கு அதில் இடமில்லை. சாதிகள் அனைத்தையும் எண்ணி வெளியிட்ட கடைசி மக்கள்தொகைக் கணக்கு 1931-இல் வந்தது. அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் உண்டு என்று மத்திய அரசு 2025 ஏப்ரலில்தான் அறிவித்தது. ஒரே குடும்பத்தில் மகன் கம்பெனி பஸ்ஸிலும், மருமகள் வேனிலும், மாமியார் சின்ன யானையிலும் போவது இங்கே சாதாரணம். அந்தக் குடும்பத்தை முழுதாகக் காட்டும் பதிவேடு எங்கும் கிடையாது.

சமூகத்தின் அதிகாரத்தையும் ஏற்றத்தாழ்வையும் ஆராய்ச்சியால் புரிந்துகொள்ள முடியுமா, முடியுமென்றால் எந்த மாதிரி ஆராய்ச்சியால் என்பது பழைய கேள்வி. சூளகிரியில் நின்று பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: ஏற்றத்தாழ்வை யாரும் ஒளித்து வைக்கவில்லை. எண்ணுவதற்காகப் போட்ட கட்டங்களுக்கு இடையே அது விழுந்து கிடக்கிறது. கட்டத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் அதிகாரத்தைத் தேட வேண்டும்.

விமர்சன சமூக ஆய்வு என்று இன்று பாடப்புத்தகங்கள் சொல்வதற்கு, பிராங்க்ஃபர்ட் பள்ளியின் மாக்ஸ் ஹார்க்ஹைமர் 1937-இல் எழுதிய கட்டுரையை மூலமாகக் காட்டுவார்கள். சமூகத்தை வெளியே நின்று அளப்பதாகச் சொல்லும் ஆய்வாளரும் அந்தச் சமூகத்துக்குள்தான் நிற்கிறார். அவர் கையிலுள்ள அளவுகோலும் அங்கே செய்ததுதான். சுருக்கமாக அவர் வாதம் இவ்வளவுதான். அதற்கு முன்பே, 1880-இல், கார்ல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக 101 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார். வேலை நேரம், அபராதம், மேற்பார்வையாளர், விபத்து என்று போகும் அந்தக் கேள்விகள் பதிலைத் திரட்டுவதற்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. படிப்பவர் தன் வாழ்க்கையைத் தானே கணக்குப் பார்க்கட்டும் என்பதற்காகவும்தான். பதில் என்னவோ அதிகம் வரவில்லை. 101 கேள்வியை நீட்டினால் யார்தான் உட்கார்ந்து எழுதுவார்!

ஐரோப்பியக் கோட்பாடு வந்துதான் தமிழ்நாட்டுக்கு இது தெரிந்தது என்று சொல்ல முடியாது. ஹார்க்ஹைமர் பிறந்தது 1895. அதற்கு நான்கு ஆண்டு முன்பே செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர், பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதிவிட்டார். கூலி குறைவு, வறுமை என்பதோடு அது நிற்கவில்லை. குடியிருக்கும் மனைகூடப் பண்ணையாருக்குச் சொந்தமாக இருப்பதால் எதிர்த்துப் பேச வழியில்லை என்ற இயங்குமுறையைக் காட்டியது. 1892-இல் வந்த அரசாணையும், பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கீடும் அதன் விளைவு. அந்த நிலங்கள் பிறகு யார் கைக்குப் போயின என்பதற்கு இன்னொரு ஆய்வு தேவைப்படுகிறது. மீட்புக்காகப் போராடுபவர்கள் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டைத் தேடித் தாலுகா அலுவலகங்களில் இன்றும் அலைகிறார்கள்.

1916-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. நியூயார்க்கில் மாணவராக இருந்த அம்பேத்கர், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். சாதியின் பூட்டு பெண்ணின் திருமணத்தில் இருக்கிறது என்று அதில் காட்டினார். சென்னையில் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை அவரவருக்குத் தெரிந்த கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். 1918-இல் புத்தகமாக வந்த அந்த ஆய்வின் ஊர்களுக்கு 1930-களிலும் அதன் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். அவற்றில் ஒன்றான இருவேல்பட்டு பற்றி ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் 2010-இல் எழுதினார்கள். நூறாண்டுக்கு அருகில் ஓர் ஊரைத் தொடர்ந்து பார்ப்பது உலகில் அபூர்வம். பெருநிலக்காரரின் பிடி தளர்ந்ததும், தலித் குடும்பங்கள் அவரை நம்பி வாழ்ந்த காலம் போனதும் அதனால்தான் சான்றோடு தெரிகிறது.

ஆனால் ஸ்லேட்டரின் மாணவர்கள் யார்? 1916-இல் மகனைச் சென்னைக்கு அனுப்பிப் பட்டப்படிப்பு படிக்கவைக்க எந்தக் குடும்பத்தால் முடியும்? கேள்வி கேட்டவர் வீட்டுத் திண்ணையும் கேட்கப்பட்டவர் தெருவும் ஒரே ஊரில்தான் இருந்தன, எதிரெதிர் முனைகளில். 1961-62-இல் தஞ்சை மாவட்டத்தில் ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் கொடுத்த ஊரில் தங்கிய ஆந்த்ரே பெத்தேய் இதை நேர்மையாகவே ஒப்புக்கொண்டார். அக்ரகாரத்தில் குடியிருந்ததால் ஆதிதிராவிடர் தெருவுக்குள் சுலபமாகப் போய்வர முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கிவிட்டன என்று சொன்ன அந்த நூலை இன்றும் பாடமாக வைக்கிறோம். எந்த வீட்டு வாசலிலிருந்து அது பார்க்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாடமாக வைக்கலாம்.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்று. கல்லூரி மாணவர்களோடு சூளகிரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடு வீடாகப் படிவம் நிரப்பப் போயிருந்தோம். திண்ணையில் கொத்தமல்லி கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் மாணவி தமிழில் கேள்வியைப் படித்தாள். அவர் தலை நிமிராமல், “மா ஆயன்னி அடகண்டி” என்றார். வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பொருள். இந்தப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் நிறையப் பேர். எங்கள் படிவமோ தமிழில் மட்டும் இருந்தது. வீட்டுக்காரர் வந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ‘முதன்மைத் தொழில்’ கட்டத்தில் அவருக்கு விவசாயம், அம்மாவுக்கு இல்லத்தரசி. கட்டு கட்டும் கை நிற்காமலே இருந்தது. மாணவி எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எனக்கு உறுத்தலாக இருந்தது. தெலுங்கு தெரிந்த இன்னொரு பெண்ணை அழைத்துக்கொண்டு மறுநாள் போய், படிவத்தை மூடி வைத்துவிட்டு, நேற்று காலை எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்கச் சொன்னேன். நாலரைக்கு எழுந்து பால் கறந்தது, சமைத்தது, மகளை வேன் ஏற்றிவிட்டது, பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்கு ரோஜா பறித்தது, மத்தியானம் சொந்த நிலத்தில் களையெடுத்தது, சாயங்காலம் கட்டுக்கு இவ்வளவு என்று மல்லி கட்டியது, இரவு சுய உதவிக் குழுக் கூட்டத்தில் தவணை கட்டியது. எல்லாம் வரிசையாக வந்தது. நான்கு தொழில், எங்கள் படிவத்தில் பூஜ்யம். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. அந்த இடைவெளி தெரிய வந்ததற்குக் காரணம், ‘என்ன தொழில்’ என்ற கேள்வியை ‘எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள்’ என்று மாற்றியதுதான்.

தொழிற்சாலைக்கு வருவோம். தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட் 1971-இல் தொடங்கியது. அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது. பெங்களூருக்கு 40 கிலோமீட்டர் தூரம், தமிழ்நாட்டுச் சலுகைகள், நெடுஞ்சாலை. அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் வந்தன; 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது. முதல் தலைமுறை வேலை நிரந்தர வேலை. அந்த வேலையில் சேர்ந்தவர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்கவைத்தார்கள். இன்று அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ட்ரெய்னி, அப்ரெண்டிஸ், பிறகு காண்ட்ராக்ட். அப்ரெண்டிஸுக்கு வருவது உதவித்தொகை. சட்டத்தின் கண்ணில் அது சம்பளம் ஆகாது, அவர் தொழிலாளியும் ஆகமாட்டார். ஒரே போல்ட்டை இருவர் முறுக்குகிறார்கள், ஒருவருக்கு மட்டும் சங்கத்தில் சேர உரிமை. ‘வேலைவாய்ப்பு உருவாக்கம்’ என்று ஒற்றை எண்ணைச் சொல்லும் அறிவிப்பில் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

பெண்கள் விஷயத்தில் இந்த ஒற்றை எண் இன்னும் பளபளக்கிறது. போச்சம்பள்ளி மின்ஸ்கூட்டர் ஆலையில் 10,000 பெண்கள் வேலை செய்வார்கள் என்று 2021-இல் ஓலா அறிவித்தது. ராஞ்சி, ஹஜாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் 6,000 பேருக்கு ஓசூர் அருகே ஐபோன் தயாரிக்கப் பயிற்சி நடக்கிறது என்று 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். இவற்றை வெறும் விளம்பரம் என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. தன் பெயரில் வங்கிக் கணக்கும் மாதச் சம்பளமும் வருவது, பதினெட்டு வயதில் கல்யாணம் பேசும் மாவட்டத்தில் பெரிய காரியம். ஆனால் 2,000 கிலோமீட்டர் தாண்டி ஆள் எடுப்பதற்கும் பத்துக் கிலோமீட்டரில் ஆள் எடுப்பதற்கும் என்ன வித்தியாசம், விடுதிக் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்று முடிவுசெய்வது யார் என்று கேட்க, சம்பளச் சீட்டைப் பார்த்தால் போதாது.

இனி நிலம். இந்தப் பகுதியில் ஆய்வே அரசியலாக இருப்பதை இதைவிடத் தெளிவாக எங்கும் பார்க்க முடியாது. 2023 தொடக்கத்தில், சூளகிரி வட்டத்தின் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதி விவசாயிகள் சிப்காட் நில எடுப்பை எதிர்த்து மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். இருபோகம், முப்போகம் விளையும் பூமி என்பது அவர்கள் பேச்சு. அரசு மண்ணையும் வேலைவாய்ப்பையும் எடைபோட்டது. இந்த எடைக்கு ஒரு தராசு சட்டத்திலேயே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

2013-ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம், நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது. பாதிக்கப்படும் குடும்பம் என்பதில் பட்டாக்காரரோடு, மூன்றாண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகைக்காரர், வாரத்துக்கு உழுபவர், விவசாயக் கூலி ஆகியோரையும் சேர்த்தது. அதாவது, ஒரு கிராமத்தின் அதிகார அடுக்கை அதிகாரபூர்வமாக ஆராய்ந்து எழுதுவதைச் சட்டமே கட்டாயமாக்கியது. தமிழ்நாடு என்ன செய்தது? 2014-இல் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கத்துக்காக நிலம் எடுக்கும் தன் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வேறு இரண்டு சட்டங்களையும் அதிலிருந்து விலக்கிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. அதே ஆண்டு மாநில அரசு ஒரு புத்துயிர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டுக்கு மத்தியச் சட்டத்தின் அளவு உண்டு. சமூகத் தாக்க மதிப்பீடு இல்லை.

இரண்டு கட்சி ஆட்சியிலும் இதில் மாற்றமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளைவு எளிது. இழப்பீடு பட்டாவைப் பார்த்து வருகிறது. வாய்மொழிக் குத்தகை பட்டா, சிட்டாவில் ஏறாது. குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969-இலேயே சட்டம் வந்தும், பதிந்தால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று பயந்து பெரும்பாலோர் பதிவதில்லை. ரோஜா பறித்த கூலிக்காரப் பெண்ணுக்கு எந்தக் காகிதமும் இல்லை. ஒரு ஏக்கருக்கு எத்தனை பேர் பிழைப்பு என்று எண்ணும் ஒரே கருவியை எடுத்துவிட்டால், அதன் பிறகு நடக்கும் பேச்சுவார்த்தை ஏக்கர் விலையைப் பற்றியதாக மட்டுமே இருக்கும்.

அமெரிக்க அறிஞர்கள் பாக்ரக்கும் பாரட்ஸும் 1962-இல் அதிகாரத்தின் இரண்டாவது முகம் என்று சொன்னது இதைத்தான்: விவாதத்தில் ஜெயிப்பது ஒருவகை அதிகாரம், எது விவாதத்துக்கு வரும் என்று தீர்மானிப்பது இன்னொரு வகை. ஸ்டீவன் லூக்ஸ் 1974-இல் மூன்றாவதைச் சேர்த்தார். எதிர்க்க வேண்டும் என்ற எண்ணமே எழாமல் செய்வது அது. உத்தனப்பள்ளி விஷயத்தில் மூன்றாவதைத் தேட வேண்டியதில்லை. எண்ணம் எழுந்தது, உட்கார்ந்தார்கள். இரண்டாவதே போதுமானதாக இருந்தது.

சாதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வது தப்பாகிவிடும், ஆனாலும் ஒரு சம்பவத்தோடு நிறுத்துகிறேன். 2018-இல் சூளகிரிப் பக்கத்துக் கிராமமொன்றின் தலித் இளைஞரும் இடைநிலைச் சாதிப் பெண்ணும் மணம் முடித்து ஓசூரில் குடியேறினார்கள். நவம்பரில் அவர்கள் உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. பெண்ணின் உறவினர்கள் கைதானார்கள். தொழில் நகரம் சாதியைக் கரைக்கும் என்பது சமூகவியலின் பழைய நம்பிக்கை. அரைமணி நேரப் பஸ் தூரத்திலிருந்த நகரத்தால் அவர்களை மறைத்து வைக்கக்கூட முடியவில்லை. கம்பெனிக்கு ஆள் சேர்ப்பதே சொந்தக்காரர், ஊர்க்காரர் வழியாக என்றால், ஊரின் கண்கள் கம்பெனி வாசல்வரை வரத்தானே செய்யும்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2014-இலிருந்து ஆணவக் கொலையைத் தனி நோக்கமாகக் குறிக்கிறது. ஆனால் முதல் தகவல் அறிக்கையில் ‘குடும்பத் தகராறு’ என்று எழுதிவிட்டால் அது அந்தக் கட்டத்துக்கே போகாது. தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக முதல்வர் 2025 அக்டோபரில் அறிவித்தார். அதன் முதல் வேலையே எண்ணுவதாகத்தான் இருக்க முடியும்.

மாநில எல்லையும் ஒரு கட்டம்தான். ஜூஜூவாடி சோதனைச் சாவடி தாண்டினால் அத்திப்பள்ளி. பஸ்ஸில் போகிறவருக்கு மாநிலம் மாறியது போர்டைப் பார்த்தால்தான் தெரியும். 2023 அக்டோபர் 7 அன்று அங்கே பட்டாசுக் கடையில் தீப்பிடித்து அன்றே 14 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து தீபாவளி சீசன் வேலைக்குப் போனவர்கள். பலர் தருமபுரி மாவட்டத்தின் ஒரே கிராமத்தைச் சேர்ந்த இளைஞர்கள். புலம்பெயர் தொழிலாளி என்றதும் நம் மனதில் வருவது ரயிலில் வரும் ஒடிசாக்காரரோ பீகார்க்காரரோதான். விடுமுறையில் பஸ் ஏறிப்போன இந்தக் கல்லூரிப் பையன்களை அந்தச் சொல்லுக்குள் யாரும் வைத்துப் பார்த்ததில்லை.

கேட்க வேண்டியவர்களை விட்டுவிட்டுக் கேட்டவர்களையே கேட்கிறோம் என்ற புகார் இந்தத் துறைக்குள் பழையது. மேலே இருப்பவர்களை ஆராயுங்கள் என்று மானுடவியலாளர் லாரா நேடர் 1972-இலேயே சொன்னார். சூளகிரி வட்டத்தில் கடன், கழிப்பறை, குழந்தைத் திருமணம் என்று ஏழைகளின் படிவம் ஆயிரக்கணக்கில் நிரம்பியிருக்கும். காண்ட்ராக்டரிடம் ஒரு படிவத்தை நீட்டியவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. அவரிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது: ஆள் ஒன்றுக்குக் கம்பெனி எவ்வளவு தருகிறது, நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள், உங்கள் தாத்தாவுக்கு எத்தனை ஏக்கர் இருந்தது?

கடைசிக் கேள்வி குறும்புக்காக அல்ல. பழைய நிலமே புதிய வேனாக மாறியிருக்கிறதா என்பது இந்தப் பகுதி ஆய்வுகளுக்கெல்லாம் தலையாய கேள்வி. திருப்பூர் பற்றி ஷரத் சாரி 2004-இல் எழுதிய நூல், கவுண்டர் விவசாயிகளின் உழைப்பும் உறவுவலையும் பனியன் முதலாளித்துவமாக மாறிய விதத்தைக் காட்டியது. ஓசூருக்கு அப்படி ஒரு நூல் தேவை. மூலதனம் வெளியிலிருந்து வந்த ஊர் இது. உள்ளூர்க்காரர் கைக்கு வந்தது நிலம் விற்ற பணமும், ஆள் சப்ளையும், வேனும், வாடகை ரூமும். அதிகாரம் இங்கே இடைத்தரகில் குடியிருக்கிறது என்பது என் ஊகம். நிரூபிக்கக் காகிதம் வேண்டும், கொஞ்சம் கிடைக்கவும் செய்கிறது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் வெளியிடும் பொறுப்பு அறிக்கையில் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, மற்றவர் எத்தனை, அவர்களில் ஆண் பெண் எத்தனை என்ற பட்டியல் உண்டு. இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். நிறுவனம் முழுமைக்கும் ஒரே கணக்கு என்பதால் ஓசூர் ஆலை மட்டும் தனியாகத் தெரியாது. மறுபடியும் கட்டம்.

விமர்சன ஆய்வாளர்கள் மீதும் எனக்குப் புகார் உண்டு. பத்திரிகையில் வரும் கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கும். யாரிடம் கேட்டார்களோ அவர்களுக்கு அது திரும்பி வராது. முடிவை முதலிலேயே வைத்துக்கொண்டு சான்று தேடுபவர்களும் உண்டு. எல்லா இடத்திலும் ஆதிக்கத்தைப் பார்க்கிறவருக்கு, ரோஜாத் தோட்டக் கூலிப்பெண் சீட்டுப் பணம் சேர்த்து மகளை நர்சிங் சேர்த்தது கண்ணில் படாது. இதற்கு நேர்மாறான உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தின் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினரும் போலீசாரும் நடத்திய வன்முறையை அரசு மறுத்தபோது, தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி ஊருக்குள் போய்ப் பெண்களிடம் கேட்டு எழுதிய அறிக்கை வழக்குக்கு முதுகெலும்பானது. 2011-இல் 215 பேர் தண்டிக்கப்பட்டார்கள்; 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த அறிக்கையில் கோட்பாடு எதுவும் கிடையாது. யாரிடம் கேட்பது என்பதைச் சரியாகத் தேர்ந்ததுதான் அதன் பலம்.

எங்கள் மாணவர்கள் இப்போது படிவத்தை விட்டுவிட்டுச் சர்வீஸ் ரோட்டில் நின்று வண்டிகளை எண்ணுகிறார்கள். பெயர் எழுதியது ஒரு கோடு, எழுதாதது ஒரு கோடு, சின்ன யானைக்கு ஒரு கோடு. இரண்டு வாரமாக வேடிக்கை பார்த்த டீக்கடை அண்ணன் ஒரு நாள் நோட்டை வாங்கிப் புரட்டினார். “எல்லாம் வேலை நாளாவே இருக்குதே தம்பி. ஞாயித்துக்கிழமை வந்து எண்ணுங்க” என்றார்.

அந்த ஞாயிறு போனோம். பெயர் எழுதிய பஸ் ஒன்றுகூட வரவில்லை. வேன்கள் வழக்கம்போல ஐந்தரைக்கே வந்து நின்றன.